ஜெர்மன் தெரியாமல் ஜெர்மனியில் தோல் டாக்டரைப் பார்ப்பது எப்படி?

வேலைக்கு ஜெர்மனி வந்த இடத்தில் அரிப்பும் தடிப்பும், ஆனால் ஜெர்மன் வராது என்று கேட்டிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், வழி இருக்கிறது.

டாக்டரிடம் முன்பதிவு செய்ய உதவும் டாக்டோலிப் (Doctolib) செயலியில் தோல் மருத்துவத்தைத் தேர்ந்து, மொழிக்கான வடிகட்டியில் ஆங்கிலம் போடுங்கள். காப்பீட்டு வகையைச் சரியாகக் கொடுங்கள். நாளைக்கே இடம் இருப்பதாகக் காட்டுவது பல சமயம் தனியார் காப்பீடு உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகிறதா? குடும்ப மருத்துவரிடம் போய், அவசரக் குறியீட்டோடு பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். அதை வைத்து, டாக்டரிடம் நேரம் வாங்கித் தரும் 116117 என்ற சேவையில் பதிந்தால் 4 வாரத்துக்குள் யாராவது ஒரு டாக்டரிடம் இடம் வாங்கித் தருவார்கள். பொதுக் காப்பீட்டில் பார்க்கும் தோல் டாக்டர்கள் வாரத்தில் குறைந்தது 5 மணி நேரம் முன்பதிவு இல்லாமலும் பார்க்க வேண்டும் என்பது 2019 முதல் விதி. அந்த நேரம் பெரும்பாலும் கிளினிக்கின் இணையதளத்தில் இருக்கும். கதவு திறக்கும்போதே போய் நில்லுங்கள்.

அப்புறம், மொழியைவிட முக்கியமான ஒன்று. ஊரிலிருந்து கொண்டுவந்த களிம்பைத் தடவியிருந்தால் அந்த ட்யூபையே எடுத்துப் போங்கள். நம்மூர் படர்தாமரைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அது நோயின் உருவத்தையே மாற்றிவிடும். பெயரைப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதி புரிந்துவிடும். தடிப்பு தொடங்கியபோது எடுத்த படங்களும் வேண்டும். நம் தோலில் சிவப்பு தெரியாமல் பழுப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும் என்பதால், நிறம் எப்படி மாறியது என்று அவற்றை வைத்தே காட்டிவிடலாம்.