‘அடோலசன்ஸ்’ அப்பா ஸ்டீபன் கிரஹாம் எழுத்தாளரும்கூடவா?

பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கொலைக் குற்றத்தில் கைதாவதைச் சொல்லும் பிரிட்டிஷ் தொடர் ‘அடோலசன்ஸ்’. அதில் அவனுடைய அப்பாவாக வருபவர்தான் அதை எழுதினாரா, அவர் எங்கிருந்து வந்தவர் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், திரைக்கதை எழுத்தாளர் ஜாக் தோர்னோடு சேர்ந்து எழுதியவர் அவரேதான். ஸ்டீபன் கிரஹாம், 1973-இல் பிறந்தவர். இங்கிலாந்தில் லிவர்பூலை ஒட்டிய கிர்க்பியில் தொழிலாளர் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தார். பள்ளி நாடகத்தில் பார்த்து இவரை ஊக்கப்படுத்தியவர் உள்ளூர் நடிகர் ஆண்ட்ரூ ஸ்கோஃபீல்ட்.

பெயர் வாங்கிக் கொடுத்தது 2006-இல் வந்த ‘திஸ் இஸ் இங்கிலாந்து’. அதில் காம்போ என்ற நிறவெறியன் வேடம். நிஜத்தில் கிரஹாமின் அப்பா வழித் தாத்தா ஜமைக்காக்காரர். இதைச் சொன்னால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயந்துதான் இயக்குநர் ஷேன் மெடோஸிடம் சொல்லியிருக்கிறார். போகவில்லை, காம்போவின் கோபத்துக்கு அடியில் கிடக்கும் வலிக்கு அதுவே ஆதாரமாகிவிட்டது. அப்புறம் ‘போர்ட்வாக் எம்பயர்’ தொடரில் அமெரிக்க தாதா அல் கபோன் வேடம், 2021-இல் ஒரே ஷாட்டில் எடுத்த ‘பாயிலிங் பாயிண்ட்’. அந்தப் படத்தின் இயக்குநர் ஃபிலிப் பாரன்டினிதான் ‘அடோலசன்ஸ்’ தொடரையும் இயக்கினார்.

கிரஹாமுக்கு டிஸ்லெக்சியா உண்டு, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் சிரமம். வரும் திரைக்கதைகளை மனைவி ஹன்னா வால்டர்ஸ்தான் முதலில் படிப்பாராம். அப்படிப்பட்டவர் 2025-இல் நடிப்புக்கு மட்டுமல்ல, எழுத்துக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி வாங்கினார். எனக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

தமக்கென்று அவர் எழுதிக்கொண்ட வேடத்தைப் பாருங்கள். எடி ஒரு பிளம்பர். குடிகாரன் இல்லை, பிள்ளையை அடிப்பவனும் இல்லை. பழியை அப்பன்மேல் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக எழுந்து போகக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள். தன் அப்பா பெல்ட்டால் அடித்ததை எடி மனைவியிடம் சொல்வான். என் பிள்ளையை அப்படி அடிக்கமாட்டேன் என்று முடிவு செய்தவன் அவன். என் அப்பா எலக்ட்ரீஷியன். எங்களைக் கை நீட்டி அடித்ததே இல்லை. தாத்தாவிடம் தாம் வாங்கிய அடியைப் பற்றி மட்டும் எப்போதாவது சொல்வார். அந்த இடத்தில் தொடரை நிறுத்திவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

கடைசிக் காட்சியில் எடி மகனின் படுக்கையில் விழுந்து அழுகிறான். அந்தக் காட்சிக்காக அறைக்குள் கிரஹாமின் சொந்தப் பிள்ளைகளின் படங்களை அவருக்குத் தெரியாமல் ஒட்டி வைத்திருந்தாராம் இயக்குநர். அழுது முடித்து எழுந்து, மகனின் கரடிப் பொம்மைக்குப் போர்த்திவிட்டு மன்னிப்புக் கேட்பான். அந்தக் கைகளைக் கவனித்துப் பாருங்கள்.