முட்டையை விட்டும் கொலஸ்ட்ரால் குறையவில்லையே?

கேள்வி: வயது 46. மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 6.4 மில்லிமோல், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 4.4, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 1.0, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 2.2. ஆறு மாதமாக முட்டையே தொடவில்லை. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிவிட்டார். அவசியம்தானா?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: அம்மா, நீங்கள் விட்டது முட்டையை, கவனிக்க வேண்டியது எண்ணெயை. ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே செய்கிறது. பாமாயில், நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றின் நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லைப் பிடித்து அகற்றும் கல்லீரல் ஏற்பிகளைக் குறைத்துவிடும்.

இதற்கு நம் மொரீஷியஸே சாட்சி. 1987க்குப் பிறகு இங்கே ரேஷன் எண்ணெய் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாறியது. 1992க்குள் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் 5.5இலிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியது. எண்ணெய் மாற்றத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஊரில் உள்ள உறவினர் மில்லிகிராம் (டெசிலிட்டருக்கு) கணக்கில் 170 என்று பேசினால் குழம்ப வேண்டாம். உங்கள் எல்டிஎல் 4.4ஐ 38.7ஆல் பெருக்கினால் அதுதான்.

டிரைகிளிசரைடு 2.2 ஆக இருப்பதற்கு வெள்ளை ரொட்டி, இனிப்புத் தேநீர், மது காரணமாகலாம். தினம் 75 கிராம் ஓட்ஸ் சேர்த்தால் எல்டிஎல் கொஞ்சம் இறங்கும். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது மந்தமானாலும் எல்டிஎல் ஏறும்.

மாத்திரை வேண்டுமா என்பதை எல்டிஎல் மட்டும் தீர்மானிக்காது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. தொடங்கினால் 6 முதல் 12 வாரத்தில் மறுபரிசோதனை. எண் இறங்கியதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். காரணமில்லாத கடும் தசைவலி, கறுத்த சிறுநீர் கண்டால் அன்றே டாக்டரிடம் போங்கள்.