கண்ணாடியை இறக்கி வையுங்கள்

கேள்வி: எங்கள் சட்டக் கல்லூரியில் ஐந்து பேர் சேர்ந்து ‘சட்டம், பண்பாடு, சமூகம்’ என்ற தலைப்பில் ஆறு கூட்டங்கள் நடத்தினோம். சட்டம் என்பது சமூகத்தின் கண்ணாடி என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம். இதைக் கட்டுரையாக்கி அனுப்பினால் வெளியிடுவீர்களா? வழக்காடப் போகிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

— சட்ட மாணவர்கள் ஐவர்

பதில்: இந்த முடிவோடு வந்தால் வெளியிட மாட்டேன். ஆறு கூட்டங்கள் கூடிப் பேசியவர்கள், முதல் கூட்டம் தொடங்கும் முன்பே கையில் இருந்திருக்கக்கூடிய ஒரு வாக்கியத்தோடு எழுந்திருக்கிறீர்கள். அந்த வாக்கியமும் பல இடங்களில் பொய்த்துப் போகிறது.

துருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1926ஆம் ஆண்டில் அந்த நாடு சுவிட்சர்லாந்தின் உரிமையியல் சட்டத் தொகுப்பைத் தழுவித் தனதாக்கிக்கொண்டது. பலதார மணம் ஒழிக்கப்பட்டது. அரசு அலுவலர் முன் நடக்கும் திருமணமே செல்லும் என்றாயிற்று. ஆனால் கிராமப்புறங்களில் மதச் சடங்கோடு மட்டும் நடக்கும் திருமணங்கள் நிற்கவில்லை. அவற்றில் பிறந்த குழந்தைகள் சட்டப்படியான மணத்தில் பிறவாதவர்கள் ஆனார்கள். 1933 தொடங்கி நாடாளுமன்றமே அவ்வப்போது தனிச் சட்டங்கள் இயற்றி அந்தக் குழந்தைகளுக்குச் சட்டத் தகுதி வழங்க வேண்டியிருந்தது. 1926ஆம் ஆண்டின் தொகுப்பில் துருக்கியக் கிராமத்தின் முகத்தைத் தேடியவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அந்தச் சமூகம் எப்படி ஆக வேண்டும் என்று ஆள்வோர் விரும்பினார்களோ அதுதான் தெரிந்திருக்கும். அதையும் படிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குக் கண்ணாடி என்று பெயரில்லை.

உங்களுக்கு முன்னோடியாக ஒரு பேராசிரியர் இருக்கிறார். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கிழக்கு ஓரத்தில், புக்கோவினா மாநிலத்தின் செர்னோவிட்ஸ் நகரில் (இன்று அது உக்ரைனில் இருக்கிறது) சட்டம் கற்பித்த ஆய்கன் ஏர்லிக்தான் அவர். ருமேனியர், ருத்தேனியர், ஜெர்மானியர், யூதர், ஆர்மீனியர் எனப் பல மக்கள் கலந்து வாழ்ந்த அந்த மாநிலத்துக்கு 1811ஆம் ஆண்டின் ஆஸ்திரிய உரிமையியல் தொகுப்பு ஒன்றே பொதுச் சட்டமாக இருந்தது. ஏர்லிக் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, மக்கள் உண்மையில் எப்படி நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார்கள், எப்படிச் சொத்தைப் பிரிக்கிறார்கள் என்று கேட்டறிந்து வரச் செய்தார். தொகுப்பின்படி பிள்ளையின் சம்பாத்தியம் பிள்ளைக்கே உரியது. ஆனால் ருமேனிய உழவர் குடும்பங்களில் கூலிக்குப் போன மகனின் ஊதியத்தைத் தந்தை வந்து வாங்கிச் சென்றார். சட்டத்துக்கு இவ்வளவு வெளிப்படையாக மாறான இது எதிர்ப்பே இல்லாமல் எப்படி நடக்கிறது என்று கேட்டால், அப்படி எதிர்ப்பது இங்கே கேள்விப்படாத செய்தி என்பதுதான் பதில். ஏட்டில் உள்ளதற்கு அப்பால் வாழ்க்கையை நடத்திச் செல்லும் இத்தகைய நெறிகளையே அவர் வாழும் சட்டம் என்றார்; 1913இல் வெளிவந்த அவருடைய சட்டச் சமூகவியல் நூல் இந்தக் கருத்தின்மேல் எழுந்தது.

இதைப் படித்துவிட்டு ‘பண்பாடே வென்றது’ என்று எழுதிவிடாதீர்கள். எதிர்ப்பு கேள்விப்படாத செய்தி என்று சொன்னவர் தந்தையா, மகனா? ஒரு வழக்கத்தால் ஆதாயம் பெறுகிறவர் அதைப் பண்பாடு என்பார். இழப்பவர் வேறு சொல் வைத்திருக்கக்கூடும், அல்லது கேட்க ஆளில்லாமல் பேசாமல் இருக்கக்கூடும்.

உங்கள் பேராசிரியரின் கேள்விக்கு வருகிறேன். பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாக வரையறுத்த ஓரிகன் மாநிலச் சட்டம் 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், ரொட்டிச் சூளைத் தொழிலாளருக்கான இதே போன்ற வரம்பை அந்த நீதிமன்றம் ஒப்பந்தச் சுதந்திரத்தின் பெயரால் ரத்து செய்திருந்தது. ஆகவே முன்தீர்ப்புகளை மட்டும் அடுக்கினால் தோல்வி உறுதி என்று கருதத்தக்க நிலை. அந்தச் சட்டத்தைக் காக்க வாதாடிய வழக்குரைஞர் லூயி பிராண்டைஸ் தாக்கல் செய்த எழுத்து வாதுரை நூறு பக்கங்களைத் தாண்டியது. அதில் சட்ட வாதம் இரண்டு பக்க அளவே. மீதியெல்லாம் தொழிற்சாலை ஆய்வாளர்களும் மருத்துவர்களும் பல நாடுகளின் விசாரணைக் குழுக்களும் நீண்ட வேலை நேரத்தைப் பற்றி எழுதிய அறிக்கைகள். அவற்றைத் திரட்டும் பணியில் முன்நின்றவர் ஜோசஃபின் கோல்ட்மார்க். அவர் வழக்குரைஞர் அல்லர். நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை உறுதி செய்தது. வழக்காடுகிறவருக்குப் பயன் உண்டா என்பவரிடம் இந்த ஒரு வாதுரையைக் கொடுங்கள்.

அதே தீர்ப்பைக் கடைசிவரை படிக்கவும் சொல்லுங்கள். பெண் உடலால் வலிமை குன்றியவள், தாய்மைக்காகக் காக்கப்பட வேண்டியவள் என்ற அக்கால நம்பிக்கையும் அறிவியல் சான்று என்ற பெயரில் அந்தத் தீர்ப்புக்குள் ஏறி அமர்ந்தது. பின்னாளில் பெண்களைச் சில வேலைகளிலிருந்து ஒதுக்குவதற்கும் அதே தர்க்கம் கை கொடுத்தது. சமூகத்தை நீதிமன்றத்துக்குள் அழைத்து வருகிறவர் அதன் தப்பெண்ணங்களையும் சேர்த்தே அழைத்து வருகிறார் என்பதைச் சட்டப் பிரிவுகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் கண்டுகொள்வது அரிது.

இன்னொரு வழக்கு, கேள்வியையே புரட்டிப் போடுவது. ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்து யோல்ங்கு என்னும் பூர்வகுடி மக்கள் தொடுத்த வழக்கில், 1971இல் நீதிபதி பிளாக்பர்ன், அந்த மக்களிடம் நுட்பமான சட்ட ஒழுங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நிலம் குலத்துக்குச் சொந்தம் என்பதைவிடக் குலம் நிலத்துக்குச் சொந்தம் என்று சொல்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது, ஆகவே இதைச் சொத்துரிமை என்று ஏற்க இயலாது என்றார். அவர்களுடைய வாழ்வைக் கூர்ந்து கவனித்தவர்தான். ஆனால் கண்டதை வைப்பதற்கு அவர் பயின்ற சட்டத்தில் ஒரு பெட்டி இல்லை. 1992இல் மாபோ வழக்கில்தான் ஆஸ்திரேலியாவின் உச்ச நிலையிலுள்ள உயர் நீதிமன்றம் பூர்வகுடிகளின் நிலவுரிமையை, தீர்ப்புகளால் உருவாகி வந்த பொதுச் சட்டத்துக்குள் ஏற்றுக்கொண்டது.

ஏழாவது கூட்டம் கூட்டுவதாக இருந்தால் அதை அறைக்குள் வைக்காதீர்கள். மண முறிவு, வாரிசுரிமை, வாடகை ஒப்பந்தம், வேலை நேரம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பற்றிய ஒரே ஒரு சட்டப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்படி நடப்பவர்கள், மீறுகிறவர்கள், அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் எனச் சிலரைத் தேடிச் சென்று கேளுங்கள். ஆதாயம் பெறுகிறவரையும் இழப்பவரையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்காதீர்கள். கிடைத்த பதில்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் அவற்றைச் சமன்செய்யாமல் அப்படியே எழுதி அனுப்புங்கள். அதற்குப் பக்கம் ஒதுக்குகிறேன்.