முதல் பெண்மணிக்கு என்ன வேலை?

கேள்வி: அமெரிக்க அதிபரின் மனைவியை ‘முதல் பெண்மணி’ என்கிறார்களே, அது பதவியா? சம்பளம் உண்டா? விருந்து கொடுப்பதும், கணவர் பக்கத்தில் நின்று கையசைப்பதும் தவிர அவரால் வேறு ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, தேனி

பதில்: சம்பளம் கிடையாது. அங்கே அரசியல் சாசனத்தில் அப்படி ஒரு பதவியே இல்லை. அரசுச் செலவில் ஊழியர்கள் உண்டு; 1978ல் வந்த சட்டம் அதற்கு இடம் கொடுத்தது.

மூன்றாவது கேள்விக்கு ரோஸலின் கார்ட்டரைத்தான் சொல்வேன். 1970ல் அவருடைய கணவர் ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியா மாநில கவர்னர் தேர்தலில் நின்றார். (அங்கே கவர்னருக்கு மக்களே ஓட்டுப் போடுகிறார்கள்.) ஓட்டுக் கேட்பதற்காக, விடிவதற்கு முன்பே அட்லாண்டாவில் ஒரு பஞ்சாலை வாசலில் போய் நின்றார் ரோஸலின். நைட் ஷிப்ட் முடிந்து, உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, ஒரு பெண் வெளியே வந்தார். வீட்டுக்குப் போய்த் தூங்குவீர்களா என்று இவர் விசாரித்தார். கொஞ்ச நேரமாவது தூங்கினால் நல்லது என்றார் அந்தப் பெண். வீட்டில் மகளுக்கு மனநோய். கணவர் சம்பளம் போதவில்லை. இரவில் அவர் மகளைப் பார்த்துக்கொள்ள, இவர் ஆலைக்கு வருகிறார்.

ரோஸலினால் அதை மறக்க முடியவில்லை. அன்றைக்கே, கணவர் மக்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த வரிசையில் தானும் போய் நின்றார். முறை வந்ததும், “கவர்னரானால் மனநோயாளிகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சித்தி ஞாபகம்தான். அம்மாவும் பாட்டியும் ராத்திரியில் முறை போட்டு விழித்திருந்து சித்தியைப் பார்த்துக்கொண்டார்கள். விருந்தாளி வந்தால் பின்கட்டு அறையைச் சாத்திவிடுவோம். கேட்டால், தலைவலி, படுத்திருக்கிறாள் என்போம். நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

1977ல் கார்ட்டர் அதிபரானதும் மனநலத்துக்கென ஓர் ஆணையம் அமைத்தார். அதில் ரோஸலினுக்குக் கௌரவத் தலைவர் பொறுப்புதான். அதிபர் தன் குடும்பத்தாரை அரசு வேலையில் அமர்த்த 1967ஆம் வருடச் சட்டம் தடை போட்டிருந்தது. ஆனால் ரோஸலின் வேலை பார்த்தது கௌரவத்துக்காக இல்லை. அமைச்சரவைக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். இவருக்கு அங்கே என்ன வேலை என்று பேசியவர்கள் உண்டு. 1979ல் செனட் (நாடாளுமன்ற மேலவை) குழு முன் நேரில் போய்ப் பேசினார். 1980ல் மனநலச் சட்டம் வந்தது. மறு வருடமே, அடுத்து வந்த ரீகன் ஆட்சியில், அதில் பெரும்பகுதி இல்லாமல் போனது. பத்து வருட உழைப்பு!

அப்புறமும் அவர் விடவில்லை. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று எண்பது வயதை நெருங்கும்போதும் நாடாளுமன்றக் குழு முன் போய்ப் பேசினார். 2008ல் அதற்கும் சட்டம் வந்தது.

2023 மே மாதம் ரோஸலினுக்கே டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்திருப்பது தெரிந்தது. குடும்பத்தார் மறைக்கவில்லை, நோயின் பெயரைச் சொல்லியே ஊருக்கு அறிவித்தார்கள். அந்த நவம்பரில், 96 வயதில், பிளெய்ன்ஸ் என்ற தன் சிற்றூரில், சொந்த வீட்டிலேயே காலமானார்.