தம்பிக்குத் தலசீமியா, எனக்கு மீன் ஆராய்ச்சியா?

கேள்வி: எனக்கு வயது 25. கொழும்பில் மூலக்கூற்று உயிரியலில் விசேட பட்டம் முடித்திருக்கிறேன். தம்பிக்கு 16 வயது, பீற்றா தலசீமியா. உடம்பால் போதிய ஈமோகுளோபின் செய்ய முடியாத பரம்பரை இரத்த நோய். மூன்று கிழமைக்கு ஒருமுறை அம்மா அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருவார். அவனால்தான் நான் இந்தத் துறையையே எடுத்தேன். இப்போது ஜேர்மனியில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் தலைப்பு தலசீமியா அல்ல. சீப்ரா மீனின் முளையத்தில் இரத்தம் எப்படி உருவாகிறது என்பது. "தம்பிக்கு மருந்து கண்டுபிடிக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு மீன் பிடிக்கப் போறாய்" என்று அப்பா பகிடி பண்ணுகிறார். இங்கேயே ஒரு பேராசிரியரிடம் தலசீமியா நோயாளிகளின் இரத்த மாதிரிகளை வைத்து எம்.பில். செய்யவும் இடமுண்டு. இதற்கிடையில் கலியாணப் பேச்சு வேறு. ஜேர்மனிக்கு இரண்டு கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் தம்பியை விட்டுவிட்டு ஓடுகிறேனா? – ம., வெள்ளவத்தை

பதில்: மகள், அப்பாவின் பகிடிக்கு நானும் சிரித்தேன். ஆனால் அந்த மீனைப் பற்றி அவருக்கு ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்பிக்கு ஏற்றுகிற ஒவ்வொரு பை இரத்தத்தோடும் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடம்புக்கு அதை வெளியே தள்ள வழி இல்லை. ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். போதாக்குறைக்கு, தலசீமியாக்காரரின் குடலும் தேவைக்கு மிஞ்சி இரும்பை உறிஞ்சும். குடற்கலத்திலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் நுழைய ஒரு வாசல் உண்டு, பெரோபோர்ட்டின் என்ற புரதம். அதைப் பூட்டி வைக்கிற ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் இந்த நோயில் குறைந்துபோய்விடுகிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வாசலை 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்த குழுக்களில் ஒன்று எதை வைத்துக் கண்டுபிடித்தது என்பதை அப்பாவுக்குச் சொன்னீர்களா? சீப்ரா மீன் முளையத்தை வைத்து. ஒரு வகை முளையம் வெளிறிப்போய் இருந்தது. மஞ்சட்கருவில் இரும்பு இருந்தும் அது இரத்தத்துக்கு வந்து சேரவில்லை. ஏன் என்று துருவிக்கொண்டு போனவர்களின் கையில் அந்தப் பரம்பரை அலகு அகப்பட்டது. இரத்தக் கோளாறுள்ள இந்த மீன் வகைகளுக்கு வைன்களின் பெயர்களை வைப்பது அந்தத் துறையில் ஒரு வழக்கம். ஷார்டனே, மெர்லோ என்றெல்லாம் இருக்கிறது. நம்முடைய வெளிறிய மீனின் பெயர் வைஸ்ஹெர்ப்ஸ்ட், ஒரு ஜேர்மன் வைன். (இதை அப்பாவிடம் சொல்வதா விடுவதா என்பது உங்கள் பாடு.)

நான் முதன்முதலில் சீப்ரா முளையத்தைப் பார்த்தது நாற்பது வயதில், வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு விருந்தாளியாகப் போனபோது. கருக்கட்டி இரண்டு நாள் ஆன முளையம். நீளம் சுமார் மூன்று மில்லிமீற்றர்தான். உடம்பு கண்ணாடி மாதிரி. நுணுக்குக்காட்டியில் வாலைப் பார்த்தால் செங்குருதிக் கலங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. இதயம் ஒருதரம் துடிக்க எல்லாம் ஒரு எட்டு முன்னுக்குப் போகும், ஒரு கணம் நிற்கும், மறுபடி போகும். மாலை ஆறு மணிக்கு காலி வீதியில் பஸ் போகிற மாதிரி. பக்கத்தில் நின்ற மாணவி "கதிரை எடுத்துத் தரவா?" என்று கேட்டபோதுதான் அரைமணி நேரமாகக் குனிந்தபடியே நின்றது தெரிந்தது. இரத்தத்தின் மூலக்கலங்கள் பெருநாடியின் சுவரிலிருந்து கழன்று பிறப்பதை உயிருள்ள முளையத்தில் நேரடியாகக் கண்டதும் இந்த மீனில்தான், 2010இல். மனித முளையத்தை அப்படி வைத்துப் பார்க்க முடியுமா?

இன்னொன்று. தம்பி பிறந்த முதல் சில மாதம் நன்றாகத்தானே இருந்திருப்பார்? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின் புரதத்தில் பெரியவர்களுக்குப் பீற்றா என்ற சங்கிலி இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போது குழந்தை வேறொரு ஈமோகுளோபினைப் பாவிக்கிறது. அதில் பீற்றா சங்கிலி கிடையாது, காமா சங்கிலிதான். பிறந்த பிறகு காமா மெல்ல அணைந்து பீற்றா எரியத் தொடங்கும். பீற்றா பழுதானவர்களுக்கு அப்போதுதான் நோய் வெளியே வரும். செங்குருதிக் கலங்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகிற அரிவாள் கல நோயிலும் இதே கதைதான், அதுவும் பீற்றாவின் பழுதுதான். அந்த நோயுள்ள பச்சைக் குழந்தைகளுக்கு ஏன் ஒன்றும் செய்வதில்லை என்பதை நியூயோர்க்கின் குழந்தை வைத்தியர் ஜெனற் வொட்சன் 1948இலேயே கவனித்து எழுதினார். காமாவை அணைக்கிற ஆளிகளில் முக்கியமானது பிசிஎல்11ஏ என்ற பரம்பரை அலகு என்று தெரியவந்தது 2008இல். அந்த ஆளியைக் கிறிஸ்பர் என்ற பரம்பரை அலகு வெட்டும் கருவியால் வெட்டிச் செயலிழக்க வைக்கிற காஸ்ஜெவி சிகிச்சைக்குப் பிரித்தானியா 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது. தலசீமியாவுக்கும் சேர்த்துத்தான். ஆக, பீற்றாவின் பழுதைத் திருத்தி வந்த மருந்து அல்ல இது. குழந்தை வளரும்போது எது அணைகிறது, எது எரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தது. நீங்கள் போகப்போவதும் அந்தப் பக்கத்துத் தெருவுக்குத்தான்.

சரி, இதைக் கேட்டுவிட்டு இப்போதே பெட்டி கட்ட வேண்டாம். 1948இலிருந்து 2023 வரை எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். காஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் போட்ட விலை 22 லட்சம் டொலர். அதற்கு முன் கீமோ கொடுத்து என்பு மச்சையை வெறுமையாக்க வேண்டும். அதனால் தம்பியிடம் "அக்கா உனக்கு மருந்து கொண்டுவருவன்" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளை அதை நம்பிக்கொண்டு காத்திருக்கும். அவரைக் காப்பது மீனும் அல்ல, நீங்களும் அல்ல. தவறாமல் ஏற்றுகிற இரத்தமும், நேரத்துக்கு எடுக்கிற இரும்பு அகற்றும் மருந்தும்தான். இந்த வயதில்தான் பிள்ளைகள் மருந்துக்கு டிமிக்கி கொடுப்பார்கள். அதைத் தினமும் விசாரிக்க வெள்ளவத்தையிலேயே இருக்க வேண்டும் என்றில்லை, வட்ஸ்அப் போதும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதுதான் உண்மையான பிரச்சினை. அதில் பாதியை அப்பா எடுத்துக்கொள்ளட்டும். பகிடி பண்ண நேரமிருக்கிறதே!

உள்ளூர் எம்.பில்.ஐ நான் தாழ்த்திப் பேசமாட்டேன். ஒரு பக்கத்தால் பீற்றா தலசீமியாவும் மறுபக்கத்தால் ஈமோகுளோபின் ஈ என்ற மாறிய ஈமோகுளோபினும் வருகிற ஈமோகுளோபின் ஈ பீற்றா தலசீமியாவில், பரம்பரை அலகில் ஒரே விகாரங்கள் (மாற்றங்கள்) உள்ள இரண்டு பேரில் ஒருவர் இரத்தமே ஏற்றாமல் நடமாடுவார், மற்றவரால் முடியாது. ஏன் என்று இங்கிலாந்து வைத்தியர் டேவிட் வெதரோல் நம் நாட்டு வைத்தியர்களோடு சேர்ந்து வருடக்கணக்காகத் தேடியது இங்கேதான். குருநாகலில் தலசீமியாவுக்கென்றே நிலையம் இருக்கிறது. அந்த மாதிரிகள் ஜேர்மனியில் கிடைக்காது. ஆனால் பேராசிரியரிடம் கேளுங்கள்: மாதாந்தக் கொடுப்பனவு உண்டா, அல்லது நீங்கள் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டுமா? ஓர் எதிருடலத்துக்கு ஓர்டர் போட்டால் அது கைக்கு வர எவ்வளவு காலம்? கரண்ட் போனால் மைனஸ் 80 உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா? 2022இன் மின்வெட்டுகளை மறந்திருக்கமாட்டீர்கள்.

ஜேர்மனிக்கும் கேள்விகள் உண்டு. அங்கே கலாநிதி ஆய்வுக்குப் பெரும்பாலும் சம்பளத்தோடு ஒப்பந்தம் தருவார்கள். வழக்கமாக மூன்று வருடம். மீன் மூன்று வருடத்தில் பதில் சொல்லாது. விகாரமுள்ள ஒரு மீன் வகையை உருவாக்கி, அது முட்டையிட்டு, அடுத்த தலைமுறையையும் வளர்த்து எடுப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். நான்காவது வருடத்துக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று எழுத்தில் கேளுங்கள். அதைவிட முக்கியம், மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் அவருடைய மாணவர் இரண்டு பேரோடும், முடித்துவிட்டுப் போன ஒருவரோடும் தனியாகக் கதையுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இடையில் விட்டுப்போனவர்கள் யார், பரிசோதனை பிழைத்த அன்று அவர் எப்படி நடந்துகொண்டார். நான் இதைக் கேட்காமல் பெரிய பெயரைப் பார்த்துப் போனவள். முதல் வருடத்தில் அந்த மனிதரை நான் கண்டது நான்கு தரம், அதில் ஒன்று லிப்டில். வேறொருவரிடம் மாறி மறுபடி தொடங்கினேன்.

அந்த மாணவர்கள் தயங்காமல் பதில் சொன்னால், என் வாக்கு மீனுக்கு. நோயின் பெயரைப் பார்த்து ஆய்வைத் தெரிய வேண்டியதில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம். மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், கலியாணப் பேச்சு நடக்கிறது என்கிறீர்கள், ஆனால் நீங்கள் காவியா, அதாவது நோய் இல்லாமலே பழுதான பரம்பரை அலகு ஒன்றைச் சுமக்கிறவரா, இல்லையா என்று ஒரு வரி இல்லை. அம்மா, அப்பா இருவரும் காவிகள். உங்களுக்கு நோய் இல்லை. மிஞ்சுகிற மூன்று வாய்ப்பில் இரண்டு, நீங்கள் காவி. இதைப் பரீட்சைத் தாளில் ஒரு நிமிடத்தில் எழுதியிருப்பீர்கள். வீட்டில் குறிப்புப் பொருத்தம் பார்க்கட்டும், நான் தடுக்கவில்லை. நீங்கள் காவியாக இருந்தால், குறிப்போடு சேர்த்து மாப்பிள்ளையின் ஈமோகுளோபின் அறிக்கையையும் கேட்க வேண்டும். அவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு ஆபத்து. கலியாணத்தை நிறுத்து என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு செய்யச் சொல்கிறேன். பரிசோதனை ஒரு குழாய் இரத்தம்தான்.

அடுத்த முறை தம்பிக்கு இரத்தம் ஏற்றும் நாளில் அம்மா வீட்டில் இருக்கட்டும், நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஊசி குத்தும்போது உங்கள் கையையும் நீட்டுங்கள். ஜேர்மனிக்குப் பதில் எழுத அதற்குப் பிறகும் நாள் இருக்கும்.