காசுக்குத் தனிமைப்படுத்தல் இல்லை

கேள்வி: கொரோனாக் காலத்தில் மத்திய கிழக்கிலிருந்து ஆட்களை விமானம் விமானமாக ஏற்றிவந்ததால்தானே நாடு அவதிப்பட்டது? சம்பாதிக்கப் போனவர்கள் நிலைமை சீராகும்வரை அங்கேயே இருந்திருக்கலாமே? இன்னும் ஏன் அவர்களுக்காக எழுதுகிறீர்கள்?
– வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: முதலில் பழியைச் சரியான முகவரிக்கு அனுப்புவோம். 2020 ஏப்ரலில் இலங்கையில் நோய் பரவியது வெலிசறைக் கடற்படை முகாமில். ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில், பிறகு பேலியகொடை மீன் சந்தையில். குவைத்திலிருந்து வந்தவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது உண்மைதான். அது தனிமைப்படுத்தல் நிலையங்களில் வைத்தே கண்டறியப்பட்டது. அப்படி வந்த ஒரு பெண் அந்த மே மாதம் நமது திருகோணமலையில் தனிமைப்படுத்தலில் இருந்தபோதே இறந்துபோனார். சொந்த வீட்டுப் படியை அவர் மிதிக்கவே இல்லை.

அங்கேயே இருந்திருக்கலாமாம்! எங்கே ஐயா? தொழிலாளியை முதலாளியோடு கட்டிப்போடும் கபாலா முறையில் விசா முதலாளியின் பொறுப்பில். வேலை போனால் படுக்க இடமும் போய்விடும். வேலை போகாத பணிப்பெண்ணின் கதையோ வேறு. ஊரடங்கில் அரபு வீட்டார் அத்தனை பேரும் நாள் முழுக்க வீட்டில். சமையலுக்கு ஓய்வில்லை, கதவுப் பிடியிலிருந்து பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்வரை குளோரொக்ஸ் என்ற கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும். மூதூர்ப் பெண் ஒருவர் ஊர் திரும்பியபின் எங்களிடம் கையை விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. வங்கியில் கைரேகை பதியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. சுற்றுலா படுத்துவிட்ட அதே 2020இல் வெளிநாட்டிலுள்ள நம்மவர்கள் அனுப்பிய பணம் சுமார் 710 கோடி டொலர். முந்தைய ஆண்டைவிட அதிகம். கிண்ணியாவில் கல்வீடு எழுப்பியதும், திருகோணமலைக் கடைத்தெருவில் சீமெந்தும் தகரமும் வாங்கியதும் இப்படி வந்த காசில்தான். அதை எவரும் 14 நாள் ஒதுக்கி வைக்கவில்லை.

நாடு பட்ட அவதியைப் பற்றிக் கவலைப்படுவதாக இருந்தால், சம்பளப் பாக்கியை விட்டுவிட்டு, விசா இல்லாதவர்களுக்குக் குவைத் தந்த பொது மன்னிப்பில் விமானம் ஏறியவர்களைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படுங்கள். விமான நிலையத்தில் காய்ச்சல் பார்த்த மேசைக்குப் பக்கத்தில், பாக்கியைப் பதிவுசெய்ய இன்னொரு மேசை போட்டிருக்கலாம். ஒரு எழுதுவினைஞரும் ஒரு பதிவேடும் போதும்; பெரிய செலவில்லை. உங்கள் தெருவிலும் அப்படி வந்தவர் யாராவது இருப்பார். ஒப்பந்தப் பிரதி கையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு முறைப்பாடு எழுத உதவுங்கள். எங்களுக்குக் கடிதம் எழுதத் தெரிந்த உங்களுக்கு அது சிரமமாக இராது.