யூனிட் டெஸ்ட்டுக்கான (நிரலின் சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் டெஸ்ட்) டேட்டா ஃபைல் என் லேப்டாப்பில் கிடைக்கிறது, டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் பில்ட் சர்வரில் கிடைப்பதில்லை. எங்கே வைப்பது?

பைத்தான் டெஸ்ட் ஒன்று சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) திறக்கிறது, நிரல் எழுதும் மென்பொருளான பைசார்மில் பாஸ் ஆகிறது, சர்வரில் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று ஃபெயில் ஆகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ரிலேட்டிவ் பாத், அதாவது முழு முகவரி இல்லாமல் ஒரு ஃபோல்டரிலிருந்து தொடங்கிச் சொல்லும் பாதைதான். அது டெஸ்ட் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை. கமாண்டை எந்த ஃபோல்டரில் இருந்து ஓட்டுகிறோமோ அங்கிருந்துதான் தேடும். பைசார்ம் வழக்கமாக டெஸ்ட் இருக்கும் ஃபோல்டரிலிருந்து ஓட்டும்; சர்வரோ ப்ராஜெக்ட்டின் தலை ஃபோல்டரிலிருந்து ஓட்டும்.

இதற்காக உங்கள் லேப்டாப்பின் முழு பாத்தை எழுதிவிடாதீர்கள். டெஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே 'டேட்டா' என்று ஒரு ஃபோல்டர் போட்டு ஃபைலை அதில் வையுங்கள். ஒவ்வொரு பைத்தான் மாட்யூலுக்கும் தான் எங்கே இருக்கிறோம் என்பது டண்டர் ஃபைல் (__file__) வேரியபிள் மூலம் தெரியும். பாதைகளைக் கையாளும் பாத்லிப் மாட்யூலைக் கொண்டு அதன் பேரன்ட் ஃபோல்டரை எடுத்து, அங்கிருந்து 'டேட்டா'வுக்குப் போனால் எங்கிருந்து ஓட்டினாலும் கிடைக்கும். ஜாவாவில் மேவன் என்ற பில்ட் கருவி இதற்கென்றே டெஸ்ட் ரிசோர்சஸ் ஃபோல்டர் வைத்திருக்கிறது. அதைக் கிளாஸ்பாத் (ஜாவா தனக்கு வேண்டிய ஃபைல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) வழியாகப் படிக்க வேண்டும். கோ மொழியில் 'டெஸ்ட்டேட்டா' என்று பெயர் வைத்த ஃபோல்டரைப் பேக்கேஜாகக் கருதாமல் கோ கமாண்ட் தாண்டிப் போய்விடும். டெஸ்ட்டும் அந்தந்த பேக்கேஜ் ஃபோல்டரிலிருந்தே ஓடும் என்பதால் உங்களுக்கு வந்த சிக்கலே அங்கே வராது.

பாத்தைச் சரிசெய்த பிறகும் ஃபெயில் ஆனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட், எந்த ஃபைல்களைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் பட்டியல் கிட்இக்னோர்; அதில் சிஎஸ்வி ஃபைல்களை யாராவது மொத்தமாக ஒதுக்கியிருக்கலாம். அப்படியென்றால் உங்கள் ஃபைல் கமிட்டே (கிட்டில் பதிவு) ஆகியிருக்காது. அல்லது பெயரில் கேப்பிடல் எழுத்து மாறியிருக்கலாம். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

சரி, ஃபைல் கிடைத்துவிட்டது. ஆனால் இந்த டெஸ்ட்டுக்கு ஃபைல் உண்மையிலேயே தேவையா? வட்டி கணக்கிடும் ஃபங்ஷனுக்கு ஐந்தாறு உள்ளீடுகள்தான் என்றால், பைத்தான் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டின் பாராமெட்ரைஸில் (ஒரே டெஸ்ட்டைப் பல உள்ளீடுகளோடு ஓட்டும் வசதி) அவற்றை எழுதிவிடுவதே நல்லது. டெஸ்ட் ஃபெயில் ஆகும்போது உள்ளீடும் எதிர்பார்த்த விடையும் ஒரே திரையில் தெரியும். படிக்கும் ஃபங்ஷன் ஃபைல் பெயருக்குப் பதில் திறந்த ஃபைல் ஆப்ஜெக்ட்டை வாங்கிக்கொண்டால், ஃபைல்போல நடிக்கும் எழுத்துச் சரமான ஸ்ட்ரிங்ஐஓவைக் கொடுத்தே பாதி டெஸ்ட்களை முடித்துவிடலாம். ஃபைலின் குணமே சோதனைக்கு உரியதாக இருக்கும்போதுதான் நான் தனி ஃபைல் வைப்பேன்.

அதற்கு நல்ல உதாரணம் எக்ஸெல். அதில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேவ் செய்தால் ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற 3 பைட் அடையாளக் குறி சேர்ந்துவிடும். சாதாரண யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் முதல் நெடுவரிசையின் பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். பிரின்ட் செய்தால் 'பெயர்' என்றே தெரியும், ஆனால் அந்தப் பெயரைக் கொண்டு டிக்‌ஷனரியில் தேடினால் கீ-எரர் (அப்படி ஒரு பெயர் இல்லை என்ற பிழை) வரும். பைத்தானில் என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் தீரும். இப்படி எக்ஸெல்லிலிருந்து வந்த ஒரு சின்ன ஃபைலை, இரண்டு மூன்று வரியோடு, அப்படியே டெஸ்ட் டேட்டாவில் வைத்திருங்கள். பெயரும் 'எக்ஸெல்_பிஓஎம்' என்பதுபோல் காரணத்தைச் சொல்லட்டும்.

தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நிரல் என்றால் இன்னொன்றும் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரித்து எழுதியதை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிட்டு ஒப்பிட்டால் சரியாகும். இதை மட்டும் ஃபைலில் வைக்க மாட்டேன். ரிவ்யூ செய்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதால், டெஸ்ட்டுக்குள்ளேயே யூனிகோட் எண்களாக எழுதிவிடுவேன்.

அப்புறம், வாடிக்கையாளர்களின் உண்மையான டேட்டாவை வெட்டி எடுத்து டெஸ்ட் ஃபைலாக்க வேண்டாம். கிட்டில் ஒருமுறை ஏறிவிட்டால், பின்னால் அழித்தாலும் பழைய கமிட்டில் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் டெஸ்ட் அந்த ஃபைலில் எதையாவது எழுதுவதாக இருந்தால், பைடெஸ்ட் தரும் டிஎம்பி பாத் (tmp_path) என்ற தற்காலிக ஃபோல்டருக்கு ஒரு பிரதியை எடுத்து அதில் எழுதுங்கள். மூல ஃபைல் கெடாது, அடுத்து ஓடும் டெஸ்ட்டும் பாதிக்கப்படாது.